இருப்பும் தேவையும்: விநியோகச் சங்கிலியை ஆராய்ந்த அறிஞர்கள்

விடியலில் தொடங்கும் பயணம்

கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்களை இன்றும் காணலாம். விடியலுக்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் தொழிலாளி, வெயில் ஏறுவதற்குள் மரங்களைச் சீவி முடித்துவிடுகிறார். மங்கில் சொட்டும் பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். ஆகவே, அது உறையாமலிருக்க அம்மோனியா கலந்து, விரைவாக ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஆலையில் அதிவேகச் சுழற்றுப் பொறி நீரைப் பிரித்தெடுக்கிறது. ஏறத்தாழ 30 விழுக்காடு ரப்பர் கொண்டிருந்த பால், 60 விழுக்காடு ரப்பர் கொண்ட செறிவுப் பாலாகிறது. அது கையுறை ஆலைக்குப் போகிறது. கையுறைகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறி, எங்கோ ஒரு நாட்டின் மருத்துவமனையை அடைகின்றன.

மரத்திலிருந்து மருத்துவரின் கை வரையிலான இந்தத் தொடருக்கு விநியோகச் சங்கிலி என்று பெயர். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இருப்பு உண்டு. ஆலையில் செறிவுப் பால் இருக்கும். கிடங்கில் பெட்டிகள் இருக்கும். மருத்துவமனை அலமாரியில் சில வாரங்களுக்குப் போதுமான கையுறைகள் இருக்கும். இருப்பு மிகுந்தால் பணம் முடங்கும், பொருளும் பழையதாகும். இருப்பு குறைந்தால், தேவைப்படும் வேளையில் பொருள் கிடைக்காது. இதற்கிடையில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. இலையுதிர் காலத்தில் பால் குறையும். கப்பல் தாமதமாகும். வாங்குவோரின் தேவையும் ஒரே சீராக இருப்பதில்லை.

அப்படியானால், எந்த இடத்தில் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும்? மளிகைக்கடைக்காரரும் ஆலை மேலாளரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் இந்தக் கேள்விக்கு விடை தேடியே பல அறிஞர்கள் தங்கள் வாழ்நாளைச் செலவிட்டனர். அவர்களுள் ஒருவர், சென்னையில் பொறியியல் பயின்ற பேராசிரியர் ஸ்ரீதர் தயூர். அவர் அந்த விடையை ஒரு மென்பொருளாக்கி, அதற்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

சாட்டையின் நுனி

இந்தக் கேள்வி ஏன் கடினமானது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். சுங்கைப்பட்டாணியில் உள்ள ஒரு கடையில் வாரந்தோறும் 10 பெட்டி பால்டின் விற்பனையாவதாகக் கொள்வோம். ஒரு வாரம் 12 பெட்டி விற்றுவிடுகிறது. தேவை கூடுகிறது என்று எண்ணும் கடைக்காரர், கையிருப்பையும் உயர்த்த விரும்பி 14 பெட்டிக்கு முன்பதிவு செய்கிறார். மொத்த வியாபாரி அந்த 14-ஐப் பார்த்து 20 பெட்டி கேட்கிறார். ஆலை அதைக் கண்டு 30 பெட்டி தயாரிக்கிறது. மறுவாரம் கடையில் மீண்டும் 10 பெட்டிதான் விற்கிறது. கடைக்காரரிடம் பொருள் மிஞ்சியதால் அவர் எதுவும் கேட்கவில்லை. மொத்த வியாபாரியும் கேட்கவில்லை. ஆலையில் இயந்திரம் நின்றுபோகிறது.

கடையில் ஏற்பட்டது இரண்டு பெட்டி மாற்றம்தான். ஆலையில் அது பெரும் ஏற்ற இறக்கமாகிவிட்டது. சாட்டையின் பிடியைச் சிறிது அசைத்தாலும் நுனி பெரிதாகச் சுழல்வது போன்றது இது. அதனால் இதனைச் 'சாட்டை விளைவு' என்பர். ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1997-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைகளில் இதன் காரணங்களைத் தெளிவாக விளக்கினர். குழந்தைகளின் அரைக்கச்சை விற்பனையை அவர்கள் சான்றாகக் காட்டினர். குழந்தைகள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் ஆலைக்கு வரும் கேட்பு மட்டும் பெரிதாக ஏறி இறங்கியது.

வாங்குபவரிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறோமோ, அந்த அளவுக்குச் சாட்டையின் அடி வலுக்கும். மலாயாவின் தோட்டங்கள் இதனை நேரடியாக அனுபவித்தவை. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. அமெரிக்காவில் கார் விற்பனை சரிந்தது; டயருக்கான தேவை குறைந்தது; ரப்பர் விலை அடியோடு வீழ்ந்தது. அதன் விளைவாக, மலாயாவில் வேலையிழந்த பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அமெரிக்காவில் கார் வாங்குவதைத் தள்ளிப்போட்டவருக்கு, அந்தக் கப்பலில் அமர்ந்திருந்த குடும்பத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

முன்னோடிகள்

இருப்பைக் கணக்கிடும் முயற்சி நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1913-ஆம் ஆண்டு ஃபோர்ட் ஹாரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு முறைக்கு எவ்வளவு பொருள் தயாரிப்பது சிக்கனமானது என்பதற்கு ஒரு சூத்திரத்தை எழுதினார். ஆனால், அது ஒரே ஒரு கிடங்குக்கான கணக்கு. பல கிடங்குகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது என்ன செய்வது?

1960-ஆம் ஆண்டு ஆண்ட்ரூ கிளார்க், ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் ஆகிய இருவரும் இதற்கு வழிகாட்டினர். அவர்களுடைய கருத்தின் சாரத்தை எளிதாகக் கூறலாம். ஒரு மையக் கிடங்கில் 500 பெட்டி மட்டும் இருப்பதைப் பார்க்கும் பொறுப்பாளர், போதவில்லை என்று பதறக்கூடும். ஆனால், அக்கிடங்கிலிருந்து பொருள் பெறும் மூன்று கிளைகளிலும் தலா 400 பெட்டி இருக்குமானால், உண்மையான இருப்பு 1,700 பெட்டி. தன் அலமாரியை மட்டும் பார்க்காமல், தனக்குக் கீழே சங்கிலி முழுவதிலும் உள்ளதைக் கூட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதே அவர்களுடைய அறிவுரை.

அதே 1960-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருந்த கார்னகி தொழில்நுட்பக் கழகத்திலிருந்து மற்றொரு நூல் வெளிவந்தது. ஹோல்ட், மோடிகிளியானி, முத், சைமன் ஆகிய நால்வர் அதன் ஆசிரியர்கள். ஒரு சாயத் தொழிற்சாலையில் எத்தனை பேரை வேலைக்கு வைப்பது, எவ்வளவு தயாரிப்பது, எவ்வளவு இருப்பு வைப்பது என்பதை அவர்கள் கணிதத்தால் ஆராய்ந்திருந்தனர். நால்வருள் ஹெர்பர்ட் சைமன் 1978-இலும், ஃபிராங்கோ மோடிகிளியானி 1985-இலும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். அந்தக் கழகமே பின்னாளில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

வகுப்பறையிலிருந்து நிறுவனத்துக்கு

ஸ்ரீதர் தயூர் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1986-இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-இல் முனைவர் பட்டம் பெற்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

கிளார்க்கும் ஸ்கார்ஃபும் காட்டிய வழியில் ஒரு தடை இருந்தது. அவர்களுடைய கணக்கில், ஆலை எவ்வளவு கேட்டாலும் தயாரித்துக் கொடுத்துவிடும். உண்மையான ஆலைக்கோ ஒரு நாளில் இவ்வளவுதான் தயாரிக்க முடியும் என்ற எல்லை உண்டு. தயூரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் கிளாசர்மனும் 1990-களில் இத்தடையை ஆராய்ந்தனர். ஒரு சங்கிலியைக் கணினிக்குள் மாதிரியாக அமைத்து, ஆயிரக்கணக்கான நாள்களுக்கு ஓடவிட்டனர். ஒவ்வொரு கண்ணியிலும் இருப்பைச் சற்றே கூட்டினால் அல்லது குறைத்தால் மொத்தச் செலவு எப்படி மாறும் என்பதையும் அதே ஓட்டத்திலேயே அளந்தனர். அதன் வழி, படிப்படியாகச் சிறந்த அளவை நெருங்க முடிந்தது.

தாளில் எழுதிய கணிதம் தொழிற்சாலையில் எடுபடுமா? கட்டுமான இயந்திரங்கள் தயாரிக்கும் கேட்டர்பில்லர் நிறுவனம், சிறிய வகை இயந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவரத் திட்டமிட்டது. அவற்றை எங்கே இருப்பு வைத்தால் வாடிக்கையாளருக்கு விரைவாகக் கொடுக்கலாம் என்னும் ஆய்வில் தயூரும் அவருடைய சக பேராசிரியர்களும் ஈடுபட்டனர். அதன் முடிவுகள் 2000-ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளிவந்தன.

ஒரு பேராசிரியர் நேரில் சென்று ஆராயக்கூடிய நிறுவனங்கள் சிலவே. அவருடைய அறிவை ஒரு மென்பொருளில் பொதிந்தால், பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்தலாம். அதே 2000-ஆம் ஆண்டில் தயூர் பிட்ஸ்பர்க்கில் 'ஸ்மார்ட்ஆப்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு பொருள் எத்தனை கிடங்குகளைக் கடந்து போனாலும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருப்பு தேவை என்பதை ஒட்டுமொத்தமாகக் கணக்கிடுவதே அதன் மென்பொருளின் பணி.

அதைப் பயன்படுத்தியவற்றுள் ஒன்று ஜான் டியர் நிறுவனம். அதன் ஒரு பிரிவு புல்வெட்டும் இயந்திரங்களைத் தயாரித்தது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் புல் வளராது. வசந்த காலத்திலும் கோடையிலும் மட்டுமே இயந்திரங்கள் மிகுதியாக விற்கும். ஆனால், ஆயிரக்கணக்கான விற்பனை முகவர்களிடம் ஆண்டு முழுவதும் இயந்திரங்கள் குவிந்து கிடந்தன. 2001-இல் அப்பிரிவு, ஏறத்தாழ 100 கோடி அமெரிக்க டாலர் மதிப்பிலான இருப்பைக் குறைக்கும் பெரும் இலக்கை வகுத்தது. பொருள்வாரியாக, முகவர்வாரியாக, வாரவாரியாகக் கணக்கிட்டனர். சில ஆண்டுகளில் அந்த இலக்கின் பெரும்பகுதி நிறைவேறியது. ஆலையிலிருந்து குறித்த காலத்தில் பொருள் அனுப்பும் விகிதமும் 63 விழுக்காட்டிலிருந்து 92 விழுக்காடாக உயர்ந்தது. இருப்பு குறைந்தும் சேவை மேம்பட்டது. பொருள் குறைவாக இருந்தாலும், அது தேவையான இடத்தில் இருந்ததே இதற்குக் காரணம்.

மென்பொருள் தவறுமா?

கணினி சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. சஞ்சீவ் சித்து, கென் சர்மா ஆகிய இருவர் 1988-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் தொடங்கிய 'ஐ2' நிறுவனம், இத்துறையில் புகழ்பெற்ற முன்னோடி. காலணி நிறுவனமான நைக்கி, தேவையை முன்கணிக்க ஐ2-வின் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால், விற்காத காலணிகள் மிகுதியாகவும் விற்கும் காலணிகள் குறைவாகவும் தயாராயின. அக்காலாண்டில் விற்பனை ஏறத்தாழ 10 கோடி டாலர் குறையும் என்று 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நைக்கி அறிவித்தது. மென்பொருளில் கோளாறு என்றது நைக்கி; பரிந்துரைத்தபடி அதனைப் பயன்படுத்தவில்லை என்றது ஐ2.

யார் பக்கம் நியாயம் இருந்தாலும், இதிலிருந்து ஒன்று புலப்படுகிறது. உள்ளே செல்லும் தகவல் பிழையானால் வெளியே வரும் விடையும் பிழையாகும். மழை வரப்போவதை மேகத்தைப் பார்த்து அறியும் தொழிலாளி, எந்த வாரம் எந்தப் பொருள் போகும் என்று அறிந்த கடைக்காரர், லாரி ஏன் தாமதமாகும் என்று அறிந்த ஓட்டுநர் ஆகியோரின் அனுபவமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். ஒரு மென்பொருளுக்கு இவர்களும் அறிவுரைஞர்களே.

உயிர் காக்கும் கணக்கு

2013-ஆம் ஆண்டு ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. என்னும் பெரிய மென்பொருள் நிறுவனம் ஸ்மார்ட்ஆப்ஸை வாங்கியது. அதற்கு முன்பே, 2011-இல், தயூர் வேறொரு முயற்சியில் இறங்கியிருந்தார். அதன் பெயர் 'ஆர்கன்ஜெட்'.

அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்காகக் காத்திருப்போர் ஏராளம். சில பகுதிகளில் காத்திருப்புக் காலம் மிக நீளமானது. வேறு சில பகுதிகளில் குறைவு. இங்கேயும் இருப்பும் தேவையும் பொருந்தாத சிக்கலே இருந்தது. ஆனால், இம்முறை கணக்கில் இருந்தவை மனித உயிர்கள். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளில் பெயரைப் பதிந்துகொள்ள விதி இடம் தந்தது. எனினும், உறுப்பு கிடைத்தவுடன் சில மணி நேரத்தில் அந்த மருத்துவமனையை அடைந்தாக வேண்டும். தொலைவில் வாழும் சாதாரண நோயாளிக்கு அது எப்படி முடியும்? தனி விமானம் வைத்திருக்கும் செல்வந்தரால் முடியும். கலிபோர்னியாவில் வாழ்ந்த ஸ்டீவ் ஜாப்ஸ், 2009-இல் டென்னசி மாநிலத்தில் கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அத்தகைய வாய்ப்பு மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே ஆர்கன்ஜெட்டின் நோக்கம். தேவைப்படும் வேளையில் நோயாளியை விமானத்தில் விரைந்து கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை அது முன்வைத்தது. இதனால் பகுதிகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு எவ்வளவு குறையும் என்பதைத் தயூர், ஓர் ஆய்வாளருடனும் ஓர் அறுவை மருத்துவருடனும் இணைந்து கணித முறையில் ஆராய்ந்தார். 2017-இல் அவ்வாய்வு வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மீண்டும் கெடாவுக்கு

1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா, ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரத்தில் எழுந்தது. தோட்டத்தில் வளர்ந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இத்தகைய தொழிற்பேட்டைகளில் பணியாற்றுகின்றனர். அவர்கள் பால்மரத்தை விட்டு வந்திருக்கலாம். சங்கிலியை விட்டு வரவில்லை.

2020-ஆம் ஆண்டு கோவிட்-19 பெருந்தொற்று பரவியபோது, உலகெங்கும் கையுறைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. உலகின் கையுறைகளில் பாதிக்கும் மேல் மலேசியாவிலிருந்தே சென்றன. மருத்துவமனைகள் தேவைக்கு மேல் கேட்டன, இடையில் இருந்தவர்கள் அதற்கும் மேல் கேட்டன‌ர், ஆலைகள் விரிவடைந்தன. பின்னர், 2022-இல் நிலைமை தலைகீழானது. எல்லாரிடமும் கையுறை குவிந்திருந்ததால் புதிய கேட்பு குறைந்தது, விலை சரிந்தது, சில ஆலைகளில் இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன, வேலைகளும் குறைந்தன. 1930-களில் ரப்பரை அடித்த அதே சாட்டை, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் கையுறையையும் அடித்தது.

ஆயினும், அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று விலை ஏன் வீழ்ந்தது என்பது நிரையில் நின்ற தொழிலாளிக்கு எட்டாத செய்தி. இன்று அதன் காரணத்தை விளக்கும் கணிதம் நூல்களில் இருக்கிறது. அதனைக் கணக்கிடும் கருவிகள் கணினியில் இருக்கின்றன. படிவம் நான்கிலும் ஐந்திலும் கற்கும் நிகழ்தகவும் புள்ளியியலுமே அதற்கு அடிப்படை. சென்னையில் பயின்ற ஒருவர், தமக்கு முன் வந்தோரின் கணக்கை எடுத்து மேலும் ஓர் அடி நகர்த்தினார். அடுத்த அடியை எடுத்து வைப்பவர், சங்கிலியின் கடைசிக் கண்ணியில் சாட்டையின் வலியை அறிந்த ஒரு குடும்பத்திலிருந்து வரலாம். கூலிமிலோ பீடோங்கிலோ ஒரு வகுப்பறையில் அவர் இப்போது அமர்ந்திருக்கவும் கூடும்.

அருஞ்சொற்பொருள்

விநியோகச் சங்கிலி – மூலப்பொருள் முதல் பயனாளர் வரை பொருள் கைமாறிச் செல்லும் தொடர்
இருப்பு – பிற்காலத் தேவைக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பொருள்
கேட்பு – பொருள் வேண்டும் எனத் தெரிவிக்கும் முன்பதிவு
மங்கு – மரத்திலிருந்து வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம்
நிரை – தோட்டத்தில் மரங்கள் நடப்பட்டுள்ள வரிசை

கருத்துணர்தல்

1. இருப்பு மிகுந்தாலும் குறைந்தாலும் ஏற்படும் பாதிப்புகள் யாவை?
2. 'சாட்டை விளைவு' என்றால் என்ன? பனுவலில் உள்ள எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.
3. கிளார்க், ஸ்கார்ஃப் ஆகியோரின் கணக்கில் இருந்த தடை யாது? அதனைத் தயூரும் கிளாசர்மனும் எவ்வாறு அணுகினர்?
4. 'ஒரு மென்பொருளுக்கு இவர்களும் அறிவுரைஞர்களே.' இக்கூற்றில் 'இவர்கள்' யாவர்? இக்கூற்றை நீ ஏற்கிறாயா? காரணம் தருக.
5. உன் வீட்டருகே உள்ள ஒரு கடைக்காரரைச் சந்தித்து, எந்தப் பொருளை எவ்வளவு இருப்பு வைப்பது என்பதை அவர் எவ்வாறு முடிவு செய்கிறார் எனக் கேட்டறிந்து, ஒரு பத்தியில் எழுதுக.